'பாட்டுக் காசு எங்கே?' - 18 வருஷம் கழித்துக் கணக்குக் கேட்ட கொரிய ஸ்டார் லீ சுங் கி!

கே-டிராமா ரசிகர்களுக்கு லீ சுங் கியைத் தனியா அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 'மை கேர்ள்ஃபிரண்ட் இஸ் எ குமிஹோ'வில் ஒன்பது வால் நரியிடம் மாட்டிக்கொண்டு முழிக்கும் காலேஜ் பையன், 'வேகபாண்ட்'டில் விமான விபத்தின் மர்மத்தைத் துரத்தும் ஸ்டன்ட் கலைஞர், 'மவுஸ்' தொடரில் நம்மை மிரளவைத்த போலீஸ்காரர்... எல்லாம் இவர்தான். ஆனால், சுங் கி முதலில் பாடகர். அந்தப் பாட்டுக்காகத்தான் அவர் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது!

எல்லோருக்கும் பிடித்த பையன்

1987-ல் சியோலில் பிறந்தவர் சுங் கி. புகழ்பெற்ற பாடகி லீ சுன் ஹீ இவரைக் கண்டெடுத்துப் பயிற்சி கொடுக்க, 2004-ல் 17 வயதில் முதல் ஆல்பம் வந்தது. தன்னைவிட மூத்த பெண்ணைக் காதலிக்கும் பையனின் பாட்டு ஒன்று, ஒரே இரவில் அவரை ஸ்டார் ஆக்கியது. '1 நைட் 2 டேஸ்' ரியாலிட்டி ஷோ அவரை வீட்டுக்கு வீடு கொண்டுபோனது. 2009-ல் வந்த 'ஷைனிங் இன்ஹெரிட்டன்ஸ்' தொடரின் ரேட்டிங் 40 சதவிகிதத்தைத் தாண்டியது. பாட்டு, நடிப்பு, தொகுப்பு என மூன்றிலும் ஜெயித்தவர் என்று கொரியாவே கொண்டாடியது.

தவறி வந்த ஒரு மெசேஜ்

2022 நவம்பரில் அந்தப் பிம்பத்துக்குப் பின்னால் இருந்த கதை வெளியே வந்தது. அறிமுகமானதிலிருந்து 18 ஆண்டுகளில் வெளியிட்ட 137 பாடல்களுக்கு, டிஜிட்டல் இசை வருமானத்தில் தனக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று தன் நிறுவனமான ஹூக் என்டர்டெயின்மென்ட்டிடம் கணக்குக் கேட்டார் சுங் கி.

'அதெப்படிங்க, இத்தனை வருஷம் தெரியாமலா இருந்தார்?' என்று கேட்கத் தோன்றும். 'நீ நஷ்டம் தரும் பாடகர்' என்று சொல்லியே தன்னை வைத்திருந்தார்கள் என்பது அவர் தரப்பு சொன்ன பதில். நிறுவன ஊழியர் ஒருவர் தவறுதலாக அனுப்பிய வருமானக் கணக்கு மெசேஜைப் பார்த்த பிறகுதான் விஷயமே புரிந்ததாம்.

சர்ச்சை பெரிதானதும் நிறுவனம் சுமார் 500 கோடி வோனை அவர் கணக்கில் போட்டது. அதோடு, 'இனி பாக்கி எதுவும் இல்லை' என்று அறிவிக்கக் கோரி வழக்கும் போட்டது. வந்த பணத்தை நன்கொடையாகத் தரப்போவதாக அறிவித்த சுங் கி, முதலில் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் குழந்தைகள் மருத்துவமனைக்கு 200 கோடி வோன் கொடுத்தார். ஆனால் வழக்கை விடவில்லை. 2025 ஏப்ரலில், நிறுவனம் இன்னும் சுமார் 58 கோடி வோன் (ஏறக்குறைய மூன்றரைக் கோடி ரூபாய்) தர வேண்டும் என்று சியோல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

காலம் மட்டும் போதாது!

கொரியாவில் ஒப்பந்தச் சண்டை புதிதல்ல. 2009-ல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூன்று பேர், தங்கள் 13 வருஷ ஒப்பந்தத்தை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனார்கள். அதே ஆண்டில் அரசின் மாதிரி ஒப்பந்தம் ஏழு வருஷத்தை உச்சவரம்பாக வைத்தது. ஆனால், பணம் முதலில் நிறுவனத்துக்கு வந்து, செலவு கழிந்து, மிச்சம்தான் கலைஞருக்கு என்ற நடைமுறை மாறவில்லை. ஆக, கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, பிடியும் அவர் கையில்தான்.

சுங் கி விவகாரம் அந்த இடத்தில்தான் அடித்தது. கலைஞர் கேட்காவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறையாவது நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும் என்ற சட்டத்திருத்தத்துக்கு, ஊடகங்கள் இவர் பெயரையே வைத்துவிட்டன.

இந்தக் 'கேட்காவிட்டாலும்'தான் முக்கியம். சுங் கிக்குப் பேர், பணம், வக்கீல் எல்லாம் இருந்தும் 18 வருஷம் ஆனது. பயிற்சிச் செலவே கடனாக நிற்கும் 16 வயது அறிமுகப் பாடகி, 'என் பாட்டு எவ்வளவு சம்பாதிச்சது?' என்று முதலாளியிடம் எப்படிக் கேட்பாள்? கேட்கும் சங்கடமே அவளுக்கு வரக் கூடாது என்பதுதான் இந்தச் சண்டையின் உண்மையான லாபம்.