“வந்ததை அனுப்பினேன்” என்பது வாதமாகாது



மார்க்கத்தைப் பற்றிப் பல்லாண்டுகள் எழுதிவருவோர் முடிவில் கற்றுக்கொள்ளும் பாடம் ஒன்றுதான்: மூலத்தை விசாரிக்காமல் ஒரு வரியும் எழுதலாகாது. பத்திரிகை நடத்துவோருக்கு மட்டும் உரியதாக இருந்த இப்பாடம், இன்று கைப்பேசி வைத்திருக்கும் அனைவருக்கும் உரியதாகிவிட்டது. ஆனால் நாமோ, “எனக்கு வந்ததை அனுப்பினேன், நானா எழுதினேன்?” என்று கூறித் தப்பித்துக்கொள்கிறோம். இவ்வாதம் மார்க்கத்தில் செல்லாது.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்மீது அவதூறு கிளம்பிய வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அதற்குத் தலைமை தாங்கியவன் நயவஞ்சகன் அப்துல்லாஹ் இப்னு உபை. ஆனால் அதைப் பேசித் திரிந்தவர்களில் பத்ருப் போரில் பங்கேற்ற மிஸ்தஹ் (ரலி) அவர்களும் இருந்தார்கள். அவர்கள் அதை இட்டுக்கட்டவில்லை, கேட்டதைத்தான் சொன்னார்கள். ஆயினும், அறியாத ஒன்றை நாவுக்கு நாவு கடத்தியதையும், அதை அற்பமாகக் கருதியதையும் அந்நூர் அத்தியாயத்தின் 15ஆம் வசனம் வன்மையாகக் கண்டிக்கிறது. பத்ருப் போராளிக்கே பொருந்தாத சாக்கு நமக்கு எவ்வாறு பொருந்தும்?

பிள்ளைப்பாக்கம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் பகுதிகளில் வாழ்வோருக்கு இது தொலைதூரக் கதையன்று. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அப்பெண்களின் குறை உண்மையானது, நியாயமானது. ஆனால் சிலர் இறந்துவிட்டதாக ஒரு பொய்யும் உடன் பரவியது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை மறிக்கப்பட்டது. இறப்பு எதுவும் நிகழவில்லை. கெட்ட உணவு என்ற உண்மையே நிர்வாகத்தைக் கேள்வி கேட்கப் போதுமானதாக இருந்தது. பொய் அதற்கு வலுச் சேர்க்கவில்லை. “எல்லாம் வதந்தி” என்று தட்டிக்கழிக்கவே வழி தந்தது.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுவதாகத் தொடர்பற்ற காணொளிகள் பரவின. உழைக்க வந்தவர்கள் அஞ்சினர். நிலைமையைக் கண்டறியப் பீகார் அரசே ஒரு குழுவை இங்கு அனுப்ப நேர்ந்தது.

இந்த வலியை நம்மைவிட நன்கறிந்தவர் யார்? 2020இல் தில்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று வந்தவர்களைக் கொரோனாவைப் பரப்ப வந்தவர்களாகச் சித்திரித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டு ஜமாஅத்தினர்மீதான வழக்குகளை ரத்துசெய்து, அவர்கள் பலிகடாக்களாக ஆக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. தீர்ப்பு வந்தது, ஆனால் அவதூறு சென்ற வீடுகளுக்கெல்லாம் அத்தீர்ப்பு போய்ச் சேர்ந்ததா? அநீதிக்கு ஆளான சமுதாயம், அதே ஆயுதத்தைத் தன் கையில் ஏந்தலாமா?

“சமுதாயத்தை எச்சரிக்கத்தானே அனுப்புகிறேன்” என்பர் சிலர். எண்ணம் நன்றாக இருக்கலாம். ஆனால் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆம் வசனம், தீயவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் தெளிவாக விசாரிக்கும்படிக் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டு வருந்த நேரிடும் என்றும் எச்சரிக்கிறது. அனுப்பியவர் யாரென்றே தெரியாத செய்திக்கு இன்னும் எவ்வளவு விசாரணை வேண்டும்!

ஒவ்வொரு நபிமொழிக்கும் அறிவிப்பாளர் வரிசையைக் கேட்டுப் பழகிய உம்மத் நாம். சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவரது நினைவாற்றல் எத்தகையது, அவர் நேர்மையானவரா என்று ஆராய்வதற்கென்றே ஒரு கலையை வளர்த்தவர்கள் நம் இமாம்கள். அவர்களின் வாரிசுகள், எங்கே எப்போது எடுத்ததென்றே தெரியாத காணொளியை ஃபஜ்ருக்கு முன்பே பத்துக் குழுக்களுக்கு அனுப்புவது வெட்கக்கேடு.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளுக்கு ஓதக் கற்றுக்கொடுக்கும்போதே விசாரிக்கவும் கற்றுக்கொடுங்கள். உறுதியாகத் தெரியாததை அனுப்பாமலிருப்பதால் எவரும் நஷ்டமடைவதில்லை. அனுப்பியது பொய்யென்று தெரிந்தால், அதே குழுவில், அதே ஆட்களிடம் மறுத்துச் சொல்வது கடமை. சத்தமின்றி அழித்துவிடுவது போதாது. நாவுக்கு உள்ள கேள்வி விரலுக்கும் உண்டு.

நாம் அறியாததைச் சுமந்து செல்வதிலிருந்து அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக! ஆமீன்.