வேலை ஓரிடம், கணக்கு வேறிடம்

தேனி மாவட்டத்தின் கம்பம், போடி வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகள் மலையேறுவதை அப்பகுதி ஊழியர் யாவரும் கண்டிருப்பர். குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களை அடையும் ஆண்களும் பெண்களும் பகலெல்லாம் காயெடுத்து, மாலையில் வீடு திரும்புகின்றனர். இவர்களுக்கு வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில். தொழில்தோறும் வேலைவாய்ப்பு பெருகுகிறதா, குறைகிறதா என்று அளக்கும் நமது புள்ளிவிவரம் இவர்களை எங்கே எழுதுகிறது?

வேலைவாய்ப்பை அளக்க இருவழிகள் உண்டு. ஒன்று தொழில் நடக்கும் இடத்தில் எண்ணுவது. மற்றொன்று தொழிலாளியின் வீட்டில் எண்ணுவது. முதல் வழியைச் சேர்ந்த தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு, பதிவுபெற்ற ஆலைகளை மட்டுமே கருதும். 2013ஆம் ஆண்டில் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பிலும் பயிர்த்தொழிலும் தோட்டங்களும் விலக்கப்பட்டன. இரண்டாம் வழியைச் சேர்ந்தது, 2017இல் தொடங்கிய காலமுறைத் தொழிலாளர் ஆய்வு. அது வீட்டுக்குச் சென்று வினவுவது. ஆகவே, இடுக்கியில் காயெடுக்கும் பெண் தேனியின் வேளாண் தொழிலாளியாகவே கணக்கில் ஏறுகிறாள்.

பாலக்காட்டு எல்லையில் நிலைமை வேறு. வாளையாற்றைக் கடந்து கஞ்சிக்கோட்டு ஆலைக்குச் செல்லும் கோயம்புத்தூர்த் தொழிலாளி, ஆலைக் கணக்கில் கேரளத்திலும், வீட்டுக் கணக்கில் தமிழ்நாட்டிலும் இடம்பெறக் கூடும். இரண்டையும் கூட்டினால் ஒருவர் இருவராவார். ஏலத்தோட்டத் தொழிலாளியோ, வேலை செய்யும் இடத்துக் கணக்கில் ஒருவராகக்கூட இரார்.

இது வெறும் கணக்குப் பிழையன்று. 2020 மார்ச்சில் பொதுமுடக்கத்தால் எல்லைப் போக்குவரத்து நின்றபோது, வருமானம் இழந்தவை தமிழ்நாட்டுக் குடும்பங்கள். 2024 கோடை வறட்சியில் இடுக்கியின் ஏலச்செடிகள் கருகியபோதும், இழந்த வேலைநாட்களின் சுமை மலையடிவார ஊர்களையும் சார்ந்தது. காரணம் ஒரு மாவட்டத்திலும் விளைவு மற்றொன்றிலும் இருக்க, ஒரு மாவட்டத்தின் புள்ளிகளை மட்டும் வைத்து முன்கணிப்போர் என்ன கண்டுவிட முடியும்? 2025 ஜனவரி முதல் தொழிலாளர் ஆய்வில் மாவட்டமே மாதிரித் தேர்வின் அடிப்படைப் பிரிவாயிற்று. இது வரவேற்கத்தக்கதே. எனினும் பிரிவு சிறிதாகுந்தோறும் எல்லைப் பிழை பெரிதாகும் என்பதை மறத்தலாகாது.

காலத்தையும் கருத வேண்டும். ஏலக்காய் ஒரே அறுவடையில் முடிவதன்று. மழைக்காலத்தில் தொடங்கிச் சில வாரங்களுக்கு ஒருமுறை சுற்றுச்சுற்றாக எடுக்கப்படுவது. முந்திய ஏழு நாட்களில் ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் ஒருவரை வேலையுடையவராகக் கொள்வது வாரநிலை அளவு. காயெடுக்கும் வாரத்தில் கேட்டால் ஒரு விடையும், கோடையில் கேட்டால் வேறொரு விடையும் கிடைக்கும். ஆகையால் சென்ற ஆண்டின் எண்ணை நீட்டி வரும் ஆண்டை ஊகிப்பது முறையாகாது. மழை, செடியின் நிலை, விளைச்சல், ஒரு கிலோ எடுக்கத் தேவைப்படும் ஆள்நாட்கள் ஆகியவற்றிலிருந்து கணிப்பதே பொருத்தம். ஞள்ளானி போன்ற உயர்விளைச்சல் வகைகள் பரவிய இடத்தில் பரப்பு பெருகாமலே காயெடுக்கும் வேலை பெருகும். பரப்பை மட்டும் நோக்குவோர் இதைக் காணார்.

கள ஊழியர்கள் மூன்று வினாக்களைக் கூடுதலாகக் குறித்துவைத்தல் நலம்: எந்த மாவட்டத்தில் வேலை? எந்தப் பயிரில் அல்லது ஆலையில்? எந்த மாதங்களில் எத்தனை நாட்கள்? எல்லைப்புறப் பள்ளி ஆசிரியர்கள் மேல்வகுப்பு மாணவரைக் கொண்டு, பெயர் குறியாமல், தம் ஊரளவில் இத்தகைய சிறு கணக்கொன்றை எடுக்கலாம். மாணவருக்கு அது புள்ளியியலின் முதற்பாடமுமாகும். இரு மாநிலப் புள்ளியியல் துறைகளும் அண்டை மாவட்டங்களை ஒரே தொழிற்களமாகக் கொண்டு தம் கணக்குகளை ஒப்பிடுதல் வேண்டும்.

ஜீப்பில் மலையேறும் பெண்ணுக்கு எல்லை ஒரு சோதனைச்சாவடி மட்டுமே. நம் கணக்கேட்டில் அது சுவராக நிற்றல் தகாது.