250ஐ 250 என்றே எழுதி விற்கட்டும்

கம்பியூட்டர் வாங்கப்போகிற ஒருவர் புரொசசர் என்ன, ரம் எவ்வளவு, கிராபிக்ஸ் காட் இருக்கா என்று நூறு கேள்வி கேட்பார். பவர் சப்ளை பற்றி ஒன்றுமே கேட்கமாட்டார். கேட்டாலும் பதில் தயார்: "அது கேசிங்கோட வரும் தம்பி. 500 வாற்ஸ், காணும்." அந்தக் "காணும்" என்ற சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை.

பழுதாகிக் கிடந்த மூன்று மலிவு பவர் சப்ளைகளை, மின்வேலை தெரிந்த நண்பர் ஒருவரைக் கொண்டு திறந்து பார்த்தோம். நீங்கள் தனியே திறக்கவேண்டாம். 230 வோல்ற் மின்சாரம் சீராக்கப்படும்போது உச்சம் ஏறக்குறைய 325 வோல்ற். பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கொள்ளளவியில் அது தேங்கி நிற்கலாம்.

உள்ளுக்க என்ன இருந்தது? மின் இரைச்சலை வடிகட்டும் சுருள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கம்பித்துண்டு. சில இடங்களில் பாகத்தின் குறி பலகையில் அச்சிடப்பட்டிருக்கு, துளையும் இருக்கு, பாகம் மட்டும் இல்லை. அதாவது, என்ன தேவை என்பது வடிவமைத்தவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கழித்திருக்கிறார்கள். கொள்ளளவிகளில் 85 பாகை என்ற முத்திரை. நல்ல பவர் சப்ளைகளில் 105 பாகை இருக்கும். வெப்பம் 10 பாகை கூடும்போது இவற்றின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். எங்கட சித்திரை வெயிலில், தூசு அடைத்த கேசிங்குக்குள் அது எத்தனை நாள் தாங்கும்?

'இதெல்லாம் இன்ஜினியரிங் பீடத்து ஆக்களின்ர விசயம், ஆர்ட்ஸ் பிள்ளைகளுக்கு என்ன வேலை?' என்று கேட்பவர்களுக்கு ஒரு பெருக்கல் கணக்கு. 500 வாற்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒன்றின் லேபிளில், 12 வோல்ற்றுக்கு நேரே 18 அம்பியர் என்றிருந்தது. 12ஐ 18ஆல் பெருக்கினால் 216. புரொசசரும் கிராபிக்ஸ் காட்டும் பெரும்பாலும் இந்த 12 வோல்ற்றில்தான் ஓடுகின்றன. அப்ப மிச்சம் எங்கே?

யூபிஎஸ் இருந்தும் கரண்ட் போனவுடன் கம்பியூட்டர் அணைகிறதே, ஏன்? யூபிஎஸ் பற்றரிக்கு மாறச் சில மில்லி செக்கன் எடுக்கும். அந்த இடைவெளியைத் தாங்கவேண்டியது பவர் சப்ளையின் பெரிய கொள்ளளவி. அதைச் சிறிதாகப் போட்டு மிச்சம் பிடித்தால், நாளைக்குக் கொடுக்கவேண்டிய அசைன்மென்ற் போச்சு. 2022இல் மணிக்கணக்கான மின்வெட்டைக் கண்ட நாட்டில் இது சின்ன விசயமில்லை.

'80 பிளஸ் ஸ்டிக்கர் பார்த்து வாங்கினால் சரி' என்பதும் முழுப் பதிலில்லை. 2004இல் தொடங்கிய அந்தச் சான்று முக்கியமாக அளப்பது வினைத்திறனை. பாதுகாப்புச் சுற்று சரியாக வேலை செய்யுமா, பாகங்கள் எத்தனை வருடம் உழைக்கும் என்பதை அது சொல்லாது. 2021இல் சர்ச்சைக்குள்ளான கிகாபைட்டின் பி750ஜிஎம் கூட கோல்ட் ஸ்டிக்கர் ஒட்டியதுதான். சோதனைகளில் பல வெடித்துச் செயலிழந்த பிறகு, அளவுக்கு மிஞ்சிய சுமையில் தானாக அணையவேண்டிய எல்லையை நிறுவனம் 120-150 வீதத்திலிருந்து 110-120 வீதமாகக் குறைத்தது. விற்றவற்றை மாற்றித்தரவும் முன்வந்தது. வெளியாட்கள் சோதித்து, வெளிப்படையாகப் பேசியதால் நடந்தது அது.

கடைக்காரர் சொல்லும் நியாயம் ஒன்று இருக்கு: "சனம் மலிவாத்தானே கேட்குது." உண்மை. மலிவு வேண்டாம் என்று நாங்களும் சொல்லவில்லை. கிராபிக்ஸ் காட் இல்லாத சாதாரண கம்பியூட்டருக்கு நேர்மையான 250 வாற்ஸே போதும். அதை 250 என்று எழுதி மலிவாக விற்கட்டும். 500 என்று எழுதுவது மலிவல்ல, ஏமாற்று. மலிவுப் பெட்டி சாகும்போது தனியே சாகாது. சிலவேளை மதர்போட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போகும். பேந்து "கரண்ட் கூடி வந்திருக்கும், வாரன்ரி இல்லை" என்பார்கள். நகையை அடகு வைத்து வாங்கிக் கொடுத்த அம்மா ரெண்டாம் தரமும் அடகுகடைக்குப் போகவேண்டும்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் நாங்கள் கேட்பது இரண்டு. தொடர்ந்து தரக்கூடிய வாற்ஸையும் 12 வோல்ற்றின் அளவையும் பெட்டியின் வெளியிலேயே அச்சிடச் செய்யுங்கள். சந்தையில் விற்பவற்றில் மாதிரி எடுத்துச் சோதித்து, முடிவை மூன்று மொழியிலும் வெளியிடுங்கள். சோதிக்கும் கருவிகளும் தெரிந்த ஆட்களும் எங்கட பொறியியல் பீடங்களில் இருக்கினம்.

அதுவரைக்கும் கடைக்குப் போகிற ஒவ்வொருவரும் லேபிளைத் திருப்பி, 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று சத்தமாகக் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரரும் தன் இறக்குமதியாளரிடம் கேட்கத் தொடங்குவார்.