சூரியனைப் பின்தொடரும் மிதவை: எமக்கு எந்த வேளையில் மின்சாரம் வேண்டும்?

2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையின்போது, கூரைகளில் சூரிய மின்சாரம் தயாரிப்போர் பிற்பகல் 3 மணி வரை அதனை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. அதற்கு இரண்டு மாதங்கள் முன்னர், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. நாம் எல்லோரும் குரங்கைப் பற்றியே பேசினோம். அது ஞாயிற்றுக்கிழமை முற்பகல் என்பதையும், மின்பாவனை குறைந்து சூரிய மின்சாரம் மிகுந்திருந்த வேளை என்பதையும் பலர் கவனிக்கவில்லை.

ஆகவே, குளங்களில் சோலார் பெனல்களை மிதக்க விடுவோம் என்று யாராவது சொன்னால், எத்தனை மெகாவோட் என்று நான் முதலில் கேட்கமாட்டேன். எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பேன்.

நெதர்லாந்தின் ஓஸ்ட்வோர்ன் ஏரியில் 180 பெனல்கள் கொண்ட, 73 கிலோவோட் வட்ட மிதவை ஒன்று பரீட்சிக்கப்பட்டது. அது சூரியனை நோக்கித் தானாகவே திரும்பும். பெனல்களின் சாய்வும் மாறும். அங்கு சூரியன் தாழ்வாகவே நகர்வதால் திரும்புவதில் பெரிய இலாபம் உண்டு. நமக்கோ நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். அந்த வடிவமைப்பை அப்படியே கொண்டுவந்தால் நண்பகலில் பெரிதாக எதுவும் கூடாது. ஆனால் காலை 7 மணிக்கும் மாலை 5 மணிக்கும் கிழக்கு, மேற்காகச் சாயும் பெனல், அசையாமல் கிடக்கும் பெனலைவிடத் தெளிவாகவே அதிகம் தரும். நண்பகலில் மிஞ்சுகின்ற நாட்டுக்கு இதுவல்லவா தேவை?

இரவு உச்சவேளைக்கு அதுவும் போதாது. அங்கேதான் நீர்த்தேக்கம் கைகொடுக்கும். விக்டோரியா, ரந்தெனிகல போன்றவற்றில் பகலில் மிதவை மின்சாரம் தரும்போது விசையாழிக்கு நீர் விடுவதைக் குறைத்து, அந்த நீரை இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்கம்பிப் பாதையும் ஏற்கனவே அங்கு இருக்கிறது. மிதவை மூடிய பரப்பில் நீர் ஆவியாவதும் குறையும்.

எங்கள் அம்பாறைப் பக்கம் கதை வேறு. இங்கினியாகலையில் மின்நிலையம் இருந்தாலும் சேனாநாயக்க சமுத்திரத்தின் நீர் முதலில் வயலுக்கு உரியது. சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று விவசாயிகளின் போகத்தைப் பொறுத்தே அணைக்கதவு திறக்கும். "இரவுக்குச் சேமிப்போம்" என்ற கணக்கு அங்கே எளிதில் செல்லாது. வரட்சியில் நீர்மட்டம் பல மீற்றர் இறங்கும். சுழலும் மிதவையின் நங்கூரக் கயிறும் மின்வடமும் அந்த இறக்கத்தோடு இறங்கவும் வேண்டும், முறுக்கிக்கொள்ளாமல் திரும்பவும் வேண்டும். மோட்டார் பழுதானால் தோணியில் போய்த்தான் திருத்த வேண்டும். மாரியில் வானம் மூடினால் ஒளி எல்லாப் பக்கமிருந்தும் பரவி வரும். திரும்புவதால் பயன் சொற்பமே.

இவ்வளவு செலவுக்கும் பதில், காலை மாலை மின்சாரத்துக்குக் கூடிய விலை கொடுப்பதுதான். எந்நேரமும் ஒரே விலை என்றால் முதலீட்டாளர் அசையாத மிதவையையே போடுவார். நண்பகல் நெரிசல் இன்னும் கூடும். கேள்விப்பத்திரம் எழுதுவோர் இதை இப்போதே பார்க்க வேண்டும். கூடவே, மிதவை போடும் இடத்தில் வலை வீசும் நன்னீர் மீனவர்களையும் அழைத்து, எந்தப் பகுதியை விட்டுவைப்பது என்று வரைபடத்தை விரித்துப் பேச வேண்டும்.