எல்லை தாண்டினால் ஊனம் தீர்ந்துவிடுமா?

மில்லில் விரல் போனவனுக்கு, அடுத்த ஊருக்குப் பஸ் ஏறினால் விரல் முளைத்துவிடுமா? பார்வை இழந்தவன் கடல் தாண்டிப் போனால் பார்வை திரும்பிவிடுமா? சின்னக் குழந்தைகூடச் சிரிக்கும் கேள்வி இது. ஆனால் பணக்கார நாடென்று பெயர் பெற்ற அமெரிக்காவின் சட்டம், அப்படி முளைத்துவிடும் என்று நினைப்பதுபோலத்தான் நடந்துகொள்கிறது. எப்படி என்பதை நமது ஆலைத் தோழர்களும் விவசாயத் தொழிலாளர் தோழர்களும் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்காவில் ஊனமுற்றோருக்கு மத்திய சர்க்கார் தரும் முக்கியமான பண உதவி இரண்டு வகை. வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் பிடித்தம் கட்டியவன், பின்னால் வேலை செய்ய முடியாமல் போனால் பெறும் இன்ஷூரன்ஸ் உதவி ஒன்று. இ.எஸ்.ஐ. பிடித்தத்தை அறிந்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிடித்தம் கட்டுமளவு வேலை கிடைக்காத, கையில் காசும் இல்லாத ஏழைகளுக்கான துணை வருமான உதவி இன்னொன்று. முதியோரும் பார்வையற்றோரும் ஊனமுற்றோரும் பெறும் இந்த உதவி 1972-ல் சட்டமாகி, 1974 ஜனவரியிலிருந்து நடந்துவருகிறது. 2025-ல் தனி ஆளுக்கு இது அதிகபட்சம் மாதம் 967 டாலர். வாங்குபவரின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக் கூடாது. இந்த வரம்பு 1989-லிருந்து அப்படியே நிற்கிறது, விலைவாசி நிற்கவில்லை!

இனி எல்லைக்கு வருவோம். இன்ஷூரன்ஸ் உதவியை அமெரிக்கப் பிரஜை பெரும்பாலான நாடுகளில் இருந்துகொண்டே வாங்கலாம். பிரஜாவுரிமை இல்லாத தொழிலாளிக்கு ஆறு மாதம் கெடு. அதற்குமேல் வெளியே இருந்தால், சட்டம் சொல்லும் விலக்கு எதிலும் அவர் வராவிட்டால், பணம் நின்றுவிடும். ஏழைக்கான உதவியிலோ கெடு இன்னும் குறுகியது. தொடர்ந்து 30 நாள் நாட்டுக்கு வெளியே இருந்தால் உதவி நிற்கும். திரும்பிவந்து, தொடர்ந்து 30 நாள் உள்ளே இருந்த பிறகே மறுபடி கிடைக்கும். பிறந்த ஊரில் தாய் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாள் என்று ஓடுகிற ஊனமுற்ற பெண், ஒன்றரை மாதம் பணிவிடை செய்துவிட்டு வந்தால், வாடகைக்கும் மருந்துக்கும் யாரிடம் கையேந்துவாள்?

விலக்கே கிடையாதா என்றால், உண்டு. ராணுவ வேலையாய் வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்டவரின் ஊனமுற்ற குழந்தைக்கு உதவி தொடரும். அந்தக் குழந்தைக்குக் கிடைப்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் நாம் கேட்கிறோம்: ராணுவத்தோடு கடல் தாண்டுகிற உதவி, தாயைப் பார்க்கப் போகிறவளோடு தாண்டாதா?

வெளிநாட்டுக்குப் போனால்தான் இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். பியூர்டோ ரிக்கோ தீவை 1898-ல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா கைப்பற்றியது. 1917-ல் அந்தத் தீவு மக்களைத் தன் பிரஜைகளாக்கியது. அமெரிக்க யுத்தங்களில் அவர்கள் ரத்தம் சிந்தினார்கள். ஆனால் துணை வருமான உதவிச் சட்டத்தில் 'அமெரிக்கா' என்ற சொல்லுக்குள் பியூர்டோ ரிக்கோ இல்லை!

நியூயார்க்கில் இந்த உதவியை வாங்கிவந்த வாயேயோ மதேரோ என்பவர் 2013-ல் அந்தத் தீவுக்குக் குடிபோனார். உதவி தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. 2016-ல் சர்க்கார் அதை நிறுத்தியது. அத்தோடு விட்டதா? தீவில் இருந்தபோது வாங்கிய 28,081 டாலரைத் திருப்பிக் கொடு என்று வழக்கும் போட்டது. கீழ்க் கோர்ட்டுகள் இரண்டும் அவர் பக்கம் நின்றன. 2022 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அதைப் புரட்டிவிட்டது. எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம்; சோட்டோமேயர் என்ற பெண் நீதிபதி ஒருவர் மட்டும் மறு பக்கம்.

எட்டுப் பேர் சொன்ன காரணம் என்ன? தீவு மக்களில் பெரும்பாலோர் மத்திய வருமான வரி கட்டுவதில்லையாம். ஆகவே உதவி தராமல் விடலாமாம். மாதம் சில நூறு டாலரில் உயிர் வாழும் ஊனமுற்றவன் நியூயார்க்கில் மட்டும் வருமான வரி கட்டுகிறானா? வரி கட்ட முடியாதவனுக்கென்று ஏற்பட்ட உதவியை, வரி கட்டவில்லை என்று மறுப்பது என்ன நியாயம்? நாடாளுமன்றம் விரும்பினால் கொடுக்கலாம் என்றும் கோர்ட் சொன்னது. அந்த நாடாளுமன்றத்தில் ஓட்டுப் போடும் உறுப்பினர் ஒருவர்கூடத் தீவு மக்களுக்குக் கிடையாது. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வந்து கேள் என்பதற்குப் பெயர் ஜனநாயகமா?

பிடித்தம் கட்டியவனுக்காவது பயமில்லை என்று சிலர் சொல்லலாம். அவர்கள் நெஸ்டர் வழக்கைப் படிக்கட்டும். பல்கேரியாவிலிருந்து 1913-ல் அமெரிக்கா வந்து உழைத்தவர் நெஸ்டர். ஏறத்தாழ 19 ஆண்டுகள் அவருக்காகப் பிடித்தம் கட்டப்பட்டது. 1930-களில் அவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினராக இருந்தார் என்பதற்காக 1956-ல் நாடு கடத்தினார்கள். முதுமைக்கால உதவியையும் வெட்டினார்கள். அவர் உறுப்பினராக இருந்த காலத்தில் அது குற்றமே அல்ல. 1960-ல் சுப்ரீம் கோர்ட், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், வெட்டியது செல்லும் என்றது. பிடித்தம் கட்டியதால் மட்டும் அந்த உதவி சொத்துரிமை ஆகிவிடாது என்றார்கள். முதலாளியின் பாங்கிப் பணத்தைப் பற்றி இப்படி ஒரு தீர்ப்பு எழுதுவார்களா?

எதிர்வாதத்தையும் பார்ப்போம். வெளியே போனவர் உயிரோடு இருக்கிறாரா, வறுமையில்தான் இருக்கிறாரா என்று எப்படிக் கண்டறிவது என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வெளிநாட்டில் இன்ஷூரன்ஸ் உதவி பெறுவோருக்குக் கேள்வித்தாள் அனுப்பி அதே சர்க்கார் சரிபார்த்துத்தானே வருகிறது? ஒருவருக்குச் செய்ய முடிந்ததை மற்றவருக்கும் செய்யலாம். சரிபார்ப்பது வேறு, வெட்டுவது வேறு.

சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனத்தின் 1952-ம் ஆண்டு 102-வது உடன்படிக்கை, ஒருவர் நாட்டுக்கு வெளியே இருக்கும்வரை உதவியை நிறுத்திவைக்கச் சர்க்கார்களுக்கு இடம் கொடுத்தது. பத்தாண்டு கழித்து, 1962-ல் வந்த 118-வது உடன்படிக்கை, தன்னை ஏற்கும் நாடுகள் ஊன உதவியை எல்லைக்கு வெளியேயும் தர வேண்டும் என்ற நெறியை வகுத்தது. அமெரிக்கா இன்றுவரை அதில் கையெழுத்திடவில்லை.

தோழர்களே! பிழைப்புத் தேடி எல்லை தாண்டுவது நமது வர்க்கத்தின் தலைவிதியாக இருக்கிறது. முதலாளியின் மூலதனம் ஒரு நாட்டில் லாபம் சம்பாதித்து, இன்னொரு நாட்டில் தங்கி, மூன்றாவது நாட்டில் செலவாகிறது. முப்பது நாள் கெடு அதற்கு யாரும் விதிப்பதில்லை. உழைத்துத் தேய்ந்த உடம்புக்கும், உழைக்க வழியில்லாத உடம்புக்கும் மட்டும் கெடுவா? ஊனம் மனிதனோடு போகிறது; பசியும் அவனோடு போகிறது. உதவியும் அவனோடு போக வேண்டும். இது பிச்சை அல்ல, உரிமை. எந்த நாட்டுத் தொழிலாளி இதைக் கேட்டாலும், அது நமது கோரிக்கையே.