மேட்டுக்கு ஒரு சைக்கிள்

கொரோனா ஊரடங்கு தளர்ந்த 2020-21இல் நாடெங்கும் சைக்கிள் கடைகளில் கூட்டம் அலைமோதியது. கேட்ட மாடல் கிடைக்காமல் கிடைத்த மாடலை வாங்கிக்கொண்டு போனவர்கள் உண்டு. திருவனந்தபுரமும் விதிவிலக்கல்ல. அந்த சைக்கிள்களில் பல இப்போது அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளத்தில், தூணோடு பூட்டப்பட்டு, செயின் செங்கல் நிறத்துக்கு மாறி நிற்கின்றன. உரிமையாளர்கள் மறுபடியும் ஸ்கூட்டருக்குப் போய்விட்டார்கள்.

இதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வது சுலபம். வாங்கியவர்களில் பெரும்பாலோர் நிஜமாகவே ஆபீசுக்கு ஓட்டத்தான் வாங்கினார்கள் என்பது என் கட்சி. அவர்களுக்கு விற்கப்பட்ட வண்டி இந்த ஊருக்கு ஆகாத வண்டி.

தஞ்சாவூரிலோ சென்னையிலோ சைக்கிள் பழகியவருக்கு இது உடனே புரியாது. அங்கே எதிர்க்காற்றுதான் எதிரி. திருவனந்தபுரம் குன்றுகள் மேல் கட்டப்பட்ட ஊர். தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கித் தலைமைச் செயலகத்துக்குப் போக வேண்டுமானால் ஏறித்தான் ஆக வேண்டும். பி.எம்.ஜி. சந்திப்பிலிருந்து பிளாமூடுக்குச் சுகமாக இறங்கினால், அந்தச் சுகத்துக்கான பில் பட்டம் போகிற மேட்டில் வந்துவிடும்.

கடற்கரை ஓரம் மட்டும் சமதளம். தும்பாவில் 1966இல் ஆன்றி கார்ட்டியே-பிரெஸோன் எடுத்த புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: ராக்கெட்டின் கூம்பு முனையை சைக்கிள் கேரியரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். இந்திய விண்வெளித் துறையின் ஏழ்மைக்கும் எளிமைக்கும் சாட்சியாக அந்தப் படத்தைக் காட்டுவது வழக்கம். எனக்கு அது ஒரு சாதாரண சைக்கிளின் பலத்துக்கும் சாட்சி. மணல் பூமியில் அந்தக் கறுப்பு வண்டி போதும். அதையே பாளையம் மேட்டில் மிதித்துப் பாருங்கள்.

கணக்கைப் பார்ப்போம். பழைய 28 அங்குல வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் ப்ரீவீலில் 18 பல் என்றால், பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றும்போது வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதளத்தில் இது அருமை. மேட்டில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் நிமிடத்துக்கு 25 சுற்றுதான் வரும். ஒவ்வொரு மிதியிலும் உடம்பின் முழு எடையும் முழங்காலில் இறங்கும். முன்னால் 36 பல், பின்னால் மிகப் பெரிய சக்கரத்தில் 34 பல் உள்ள கியர் வண்டியில் அதே சுற்றுக்கு 2.3 மீட்டர். அதே வேகத்துக்குக் கால் 58 முறை சுற்றும். மூச்சு வாங்கும்; முட்டி வலிக்காது. ஐம்பதைத் தொட்டவருக்கு இது அற்ப விஷயம் அல்ல.

ஆகவே கடையில் கேட்க வேண்டியது 'எத்தனை கியர்?' என்பதல்ல. 21 கியர் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள்; அதில் பாதியை யாரும் தொடுவதில்லை. முன்னால் சிறிய பல்சக்கரம் எத்தனை, பின்னால் பெரியது எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட சமமாக இருந்தால் நகரத்தின் எந்த மேடும் ஏறலாம். பின்னால் ஏழு கியர் மட்டும் இருந்தாலே ஏராளம். பழைய கறுப்பு வண்டியை விட மனசில்லாதவர்கள் 18 பல் ப்ரீவீலைக் கழற்றி 22 பல் போடலாம். செயினில் ஓரிரு கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். மிதி ஐந்தில் ஒரு பங்கு லேசாகும்.

முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த மாடல்கள்தான் கடை வாசலில் மினுக்கும். ஆபீஸ் போக அது வேண்டாத சுமை. மேட்டில் எழுந்து நின்று மிதித்தால் உங்கள் பலத்தில் ஒரு பகுதி ஸ்பிரிங்குக்குப் போகும். இரண்டு மழைக்காலம் கழிந்தால் அதுவும் துருப்பிடித்து இறுகிவிடும். சாதாரண ஃபோர்க், 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகல டயர்: குழிகளுக்கு அது போதும்.

உயிர் போகிற விஷயம் பிரேக். ஏறுவதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் இறங்குவதைப் பற்றி யோசிப்பதில்லை. குரோம் பூசிய இரும்பு ரிம்மில் மழைத்தண்ணீர் பட்டால் ரப்பர் கட்டை வழுக்கும். லீவரைக் கைப்பிடி வரை இழுத்தாலும் சில சுற்றுகளுக்கு ஒன்றும் நடக்காது. இறக்கத்தின் அடியில் பஸ் குறுக்கே திரும்புகிறபோது அந்தச் சில சுற்றுகள் நம் கையில் இருக்காது. திருவனந்தபுரத்தில் ஆண்டுக்குச் சுமார் 1,800 மில்லிமீட்டர் மழை. ஜூனில் இடவப்பாதி, அக்டோபரில் துலாவர்ஷம் என்று இரண்டு தவணை. இந்த ஊரில் இரும்பு ரிம் வண்டியைத் தினசரி ஓட்டத்துக்கு வாங்கவே கூடாது என்பேன். அலுமினிய ரிம் இருக்கட்டும், அல்லது டிஸ்க் பிரேக். டிஸ்க் என்றால் செயினுக்கு எண்ணெய் விடும்போது தட்டில் ஒரு சொட்டும் தெறிக்கக் கூடாது. தெறித்தால் பிரேக் பிடிக்காது.

முன் பிரேக்கைத் தொட்டால் தலைகுப்புற விழுவோம் என்று நம் ஊரில் பயமுறுத்தி வளர்த்திருக்கிறார்கள். வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்துங்கள். மழையில் இறக்கம் தொடங்கும் முன்பே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துவிடுவது நல்ல பழக்கம். பிரேக் வயரை ஆண்டுக்கு ஒருமுறை, மே மாதக் கடைசியில், அறுந்தாலும் அறாவிட்டாலும் மாற்றிவிடுங்கள். உறைக்குள் துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாது. மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு மதியச் சாப்பாட்டை விடப் பெரிதல்ல.

சீட் உயரத்துக்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பெடல் அடியில் இருக்கும்போது அதில் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அவ்வளவுதான்.

துணைச்சாமான்களில் மட்கார்டுக்குத்தான் முதல் மரியாதை. விளையாட்டு மாடல்களில் அதை வைப்பதில்லை. வைத்தாலும் கையகலத் துண்டு. சக்கரத்தை முழுசாக மூடும் மட்கார்டு இல்லாமல் ஜூன் மாதத்தில் ஆபீஸ் போனால் சட்டை முதுகில் ஒரு செம்மண் கோடு விழும். செயின் கவர் பேண்ட்டுக்கு மட்டுமல்ல, இங்கே வேட்டிக்கும் பாதுகாப்பு. பை தோளில் இருந்தால் முதுகு வியர்க்கும், கேரியருக்கு இறக்கிவிடுங்கள். விளக்கில்லாமல் போனால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது யாரும் கேட்பதில்லை என்பதால் பலர் இருட்டோடு இருட்டாகப் போகிறார்கள். டயரில் உரசும் பழைய டைனமோ மழையில் வழுக்கும். சார்ஜ் செய்கிற எல்.இ.டி. விளக்கு முன்னால் வெள்ளையும் பின்னால் சிவப்பும் வாங்கிவிடுங்கள்.

பிறகு துரு. சங்குமுகம், வேளி, வலியதுறை பக்கம் வசிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றில் வரும் உப்பு இரும்பில் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மழை இல்லாத நாளிலும் துரு ஏறும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஒரு வாளி, ஒரு பழந்துணி. சர்வீஸ் ஸ்டேஷன் குழாயால் பீய்ச்ச வேண்டாம். தண்ணீர் பால்ரஸ்ஸுக்குள் புகுந்து கிரீஸைக் கெடுக்கும். தம்பானூரில் மழைத்தண்ணீர் தேங்கும்போது அச்சு முங்குகிற அளவில் ஓட்டிவந்தாலும் இதே கதிதான். அப்படி ஓட்டினால் அந்த மாதமே ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்து ஓவராயில் செய்துவிட வேண்டும்.

கேரளம் என்பதால் செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிறவர்கள் உண்டு. அது பிசுக்காகி மண்ணைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் முதல் மழையிலேயே கழுவிக்கொண்டு போய்விடும். மண்ணெண்ணெயில் துடைத்துக் காயவைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் விட்டு, பெடலைச் சுற்றிவிட்டு, மேலே இருப்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே பளபளக்க வேண்டியதில்லை.

செயின் எப்போது தேய்ந்தது என்று மெக்கானிக் சொல்லும்வரை காத்திருக்காதீர்கள். பள்ளிக்கூட ஸ்கேல் போதும். புதுச் செயினில் ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி தள்ளியுள்ள பின்னின் நடுவரை சரியாக 12 அங்குலம். அது 12⅛ அங்குலத்தைத் தொடுவதற்கு முன் மாற்றினால் செயினோடு செலவு போயிற்று. தாண்டிவிட்டால் பின்சக்கரப் பல்லும் தேய்ந்திருக்கும். புதுச் செயினை மட்டும் மாட்டினால் மேட்டில் அழுத்தி மிதிக்கிறபோது அது பல் தாவும். அப்போது இரண்டையும் சேர்த்தே வாங்க வேண்டும்.