நம் பிள்ளைகளின் கையில் ஒரு பொம்மைக் கிரேன்

காசிமேட்டுப் பக்கம் மொட்டை மாடியில் நின்றால் துறைமுகத்தின் கன்டெய்னர் கிரேன்கள் தெரியும். அவற்றைப் பார்த்தே வளர்ந்தவன் நான். ஆனால் ஒரு கிரேன் எப்படிப் பாரம் தூக்குகிறது என்பதை என் கையாலேயே பூட்டிப் பிரித்துப் புரிந்துகொண்டபோது எனக்கு வயது இருபத்தொன்பது. முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்த பிறகு, உடன் படிக்கும் நண்பரின் வீட்டில் அது நடந்தது. அவர் சிறுவயதில் விளையாடிய லெகோ டெக்னிக் செட் அது.

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1977-இல் தொடங்கிய வரிசை இது. துளையிட்ட சட்டங்கள், அச்சுகள், கியர்கள், மோட்டார் எல்லாம் உண்டு. 8 பல் கியர் 24 பல் கியரைச் சுழற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகக் குறையும். சுழற்றும் விசை ஏறத்தாழ மூன்று மடங்காகும். 2023-இல் வந்த லீபெர் கிரேன் செட்டில் 2883 துண்டுகள். வெளிவந்தபோது அமெரிக்காவில் அதன் விலை ஏறத்தாழ 680 டாலராக இருந்தது. இங்கோ இறக்குமதிப் பொம்மைகளுக்கான சுங்கவரி 2020-இல் 20-லிருந்து 60 சதவீதமானது. 2023-இல் 70 ஆனது.

இதைப் பூட்டும் வசதியான வீட்டுப் பையனை 'இன்னொவேட்டர்' என்கிறார்கள். படிப்பை விட்டுவிட்டுத் திருவொற்றியூர் பட்டறையில் நிஜக் கியரைக் கழற்றுகிறவனை 'கடைப் பையன்' என்கிறார்கள்.

இத்தனைக்கும் இது இயந்திரம் அறியாத ஊரல்ல. 1946-இல் எம்.ஆர்.எஃப். பொம்மை பலூன் செய்யத் தொடங்கியது திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில்தான். 1950-களில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி என்ஃபீல்டு புல்லட்டை உருவாக்கியதும் திருவொற்றியூர்தான். 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியது. 1955-இல் அதுவே அசோக் லேலண்டு ஆனது. பூட்டிய கைகளில் நம் தாத்தாக்களின் கைகளும் உண்டு. வரைபட மேசையில் அவர்களுக்கு நாற்காலி இல்லை. சாதியை வெறும் வேலைப் பிரிவினை என்று நியாயப்படுத்தியவர்களுக்கு, உழைக்கும் மனிதர்களையே அது மேல் கீழாக அடுக்குகிறது என்று 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் பதில் சொன்னார். அந்த அடுக்கு இன்னும் கலையவில்லை.

"நம் பிள்ளைகளுக்குப் பட்டறையே பள்ளிக்கூடம், பிளாஸ்டிக் பொம்மை எதற்கு?" என்று தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். உழைப்பின் மீதுள்ள மரியாதையில் கேட்கிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் அந்த வாதம் எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசிக்க வேண்டும். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று சொல்லிப் பெரியார் எதிர்த்தார். 1954-இல் காமராசர் ஆட்சி அதைக் கைவிட்டது. பட்டறையைப் பிள்ளைகளின் பள்ளியாகப் புகழ்ந்தால் அந்தக் கதவை நாமே திறந்துவிடுகிறோம்.

பட்டறையில் தவறு செய்தால் திட்டு விழும், கூலி பிடிப்பார்கள், விரலும் போகலாம். பொம்மையில் தவறு செய்தால் பிரித்து மறுபடி பூட்டலாம். தவறு செய்து கற்கும் இந்தச் சுதந்திரம்தான் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காதது.

நண்பர் தன் பழைய செட்டை, எண்ணூரில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்குக் கொடுத்தார். எட்டாவது படிக்கும் ஒரு பெண் அதில் கிரேன் செய்தாள். அப்பா துறைமுகத்தில் சுமை தூக்குகிறவர். மோட்டாரை நிறுத்தியதும் பாரம் சரசரவெனக் கீழே இறங்கியது. மூன்று மாலைகள் பிரித்துப் பிரித்துப் பூட்டினாள். நான்காம் நாள் திருகு மாதிரி இருக்கும் வார்ம் கியரைப் பொருத்தினாள். பாரம் அந்தரத்தில் நின்றது.

"அண்ணா, மோட்டார் கியரைச் சுத்துது. பாரத்தால மட்டும் ஏன் மோட்டாரைத் திருப்பிச் சுத்த முடியல?"

திருகின் சரிவு மிகக் குறைவு. உராய்வு பிடித்துக்கொள்கிறது என்று விளக்கினேன். அவள் தெருவில் இரண்டு மெக்கானிக் கடைகள் உண்டு. இரண்டிலும் ஒரு பெண் பிள்ளையின் கையில் ஸ்பானர் கொடுக்க மாட்டார்கள். பட்டறையே பள்ளி என்பவர்கள் அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

ஒன்றிய அரசு 2016-இல் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தை அறிவித்தது. பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி. தொடக்கத்தில் வைத்த நிபந்தனைகளில் ஒன்று, 1500 சதுர அடி இடம் இருக்க வேண்டும் என்பது. வகுப்பறைக்கே இடம் போதாத பள்ளி என்ன செய்யும்? கிட் வந்த பள்ளியிலும் 'துண்டு தொலைந்துவிடும்' என்று அலமாரியில் பூட்டி வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

எனவே நாம் கேட்க வேண்டியது தெளிவானது. வடசென்னையின் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் மாநகராட்சிப் பள்ளிக்கும் இந்தப் பூட்டும் செட்டுகள் வேண்டும், லெகோதான் என்றில்லை. போட்டிக்குத் தேர்வான நான்கு பேருக்கு மட்டும் அல்லாமல், எல்லாருக்கும், பாட நேரத்திலேயே வேண்டும். தொலையும் துண்டுகளைச் சாக்பீஸ் தேய்வது போலக் கணக்கெழுத வேண்டும்.

அந்தப் பெண் நாளை பொறியாளர் ஆகலாம். கியரையே மறந்துவிட்டுப் பாட்டு எழுதவும் போகலாம். அதை அவள் முடிவு செய்யட்டும், பிறப்பு முடிவு செய்ய வேண்டாம்.